கிணற்று நீச்சலும் காவிரி நீச்சலும்

தருமபுரி மாவட்டத்துக் கிராமமொன்றில் ஐம்பது பிராயத்தைக் கடந்த ஆண்மக்களிடம் நீச்சல் தெரியுமா என்று வினவினால், இதென்ன கேள்வி என்று நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் வீண் பெருமை கிடையாது. பாறையை உடைத்து இறக்கிய அகன்ற கிணறுகள் வயலுக்கு வயல் நிறைந்து கிடந்த காலத்தில், கோடை விடுமுறை தொடங்கிய மறுநாளே மாமனோ சித்தப்பனோ பையனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகோடு காய்ந்த சுரைக்குடுக்கையையோ கலியாண முருங்கைக் கட்டையையோ பிணைத்து, கிணற்று மேட்டிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார். குடித்த தண்ணீரை இருமித் துப்பியவாறு அவன் மேலே வருவான். சில நாளில் குடுக்கை போகும், பிறகு கயிறு போகும், விடுமுறை முடிவதற்குள் பம்புசெட் அறையின் கூரையிலிருந்து சம்மணமிட்டபடியே குதிக்கும் தீரனாக அவன் ஆகிவிடுவான். சுரைக்குடுக்கைக்குப் பிற்காலத்தில் லாரி டியூபும், அதற்கும் பின்னால் மூடி இறுக்கிய எண்ணெய்க் கேனும் வந்தனவே ஒழிய, பாடமுறை மாறவில்லை. பெண் குழந்தைகளின் இடுப்பில் அந்தக் கயிறு பெரும்பாலும் கட்டப்படவில்லை என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாடத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தண்ணீரைக் கண்டு அஞ்சாத மனத்தையும், மூழ்கினாலும் எழுந்து வரலாம் என்ற நிச்சயத்தையும் எந்தச் செலவுமின்றி அது கொடுத்தது. ஆயினும் அது எத்தகைய நீச்சல் என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கிணற்றின் ஒரு சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே முப்பது நாற்பது அடிக்கு மேல் இருப்பது அரிது. தலையை நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்த்தி, இரு கைகளாலும் தண்ணீரை அறைந்து, கால்களைக் கீழ்நோக்கி உதைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வீச்சு வீசினால் ஏதேனும் ஒரு படிக்கல் கைக்கு எட்டிவிடும். மூச்சு வாங்குவதற்குள் கரை வந்துவிடுகிறபடியால், மூச்சை எவ்வாறு வாங்குவது என்ற வினாவே அங்கு எழுவதில்லை. கிணறு ஆழத்தைக் கற்பித்தது, தைரியத்தைக் கற்பித்தது. தூரத்தை அது கற்பிக்க இயலாது.

இன்று அந்தக் கிணறுகளும் இல்லை. நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே இறங்க, ஆயிரம் அடி ஆழ்துளைக்கும் துணிந்துவிட்ட உழவர்கள், பாட்டன் வெட்டிய கிணற்றைச் சீமைக்கருவேல முள்ளுக்கும் குப்பைக்கும் விட்டுவிட்டார்கள். ஆழ்துளை நீரில் மிகுந்த ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுத்ததன் பயனாக, காவிரி நீரையே சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. குடிநீர் வீட்டு வாயிலுக்கு வந்தது பெரும் பாக்கியம், அதில் ஐயமில்லை. ஆனால் நீரோடு உடல் பழகும் இடம் ஊரை விட்டு மறைந்துபோனதால், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்று திரும்பும் இந்நாளைய வாலிபர்களுள் நீச்சல் அறியாதவர்களே மிகுதியாகக் காணப்படுகிறார்கள். ஆக, ஒருபுறம் கிணற்று நீச்சல் மட்டுமே அறிந்த மூத்தவர்களும், மறுபுறம் அதுவும் அறியாத இளையவர்களும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விரு திறத்தாரும் நீச்சலைப் புதிதாக, முறையாக, வளர்ந்த பிராயத்திலேயே கற்க வேண்டும் என்பதும், அதற்குரிய ஏற்பாட்டைச் செய்வது அரசாங்கத்தின் கடமை என்பதும் என் அபிப்பிராயம்.

வறட்சிக்குப் பேர்போன மாவட்டத்தில் நீச்சல் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தேசப்படமே விடை சொல்லும். மேற்கே பென்னாகரம் தாலுக்காவின் எல்லையில் காவிரி ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து, பிறகு 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாக அகன்று விரிகிறது. ஒட்டனூரிலும் நாகமரையிலும் மக்கள் அந்த நீரைப் படகிலும் பரிசலிலும் கடந்தே சேலம் மாவட்டத்துக் கரையை அடைந்து வருகிறார்கள். கிழக்கே அரூர்ப் பக்கம் தென்பெண்ணை ஓடுகிறது. பஞ்சப்பள்ளியில் சின்னாறு அணை, வாணியாறு அணை, தொப்பையாறு அணை, நாகாவதி அணை என்று ஒவ்வொரு திக்கிலும் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் புதுமணத் தம்பதியரும் முதியோரும் குழந்தைகளுமாகத் திரளும் கூட்டத்தைக் கண்டவர்கள், இம்மாவட்டத்தாருக்கு நீரோடு உறவில்லை என்று சொல்லத் துணியார்.

இவற்றுள் நீர்த்தேக்கம்தான் கிணற்று நீச்சல்காரரை ஏமாற்றுவது. அங்கே நீர் அசையாமல் கிடக்கிறது. அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது. சிறு பிராயத்துத் தைரியம் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. ஐம்பது மீட்டர் சென்றபின் மூச்சு இரைக்கத் தொடங்குகிறது, பழகிய கை படிக்கல்லைத் தேடுகிறது, படிக்கல் இல்லை. நீச்சலே தெரியாதவர் கரையில் நின்றுவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவரே நடுநீர் வரை போகிறார். இந்தியாவில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி இறப்போர் 35,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்காலக் கணக்குகள் கூறுகின்றன. உலகெங்கும் அத்தொகை ஏறக்குறைய 3 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கர்நாடகத்து அணைகள் திறக்கப்பட்டு ஒகேனக்கல்லில் வெள்ளம் பெருகும் வேளையில் எந்த நீச்சல் வித்தையும் பயன் தராது. குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தடையை மீறுவது மடமை. பரிசலில் மிதவைச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதும் அதைச் சேர்ந்ததே.

முறையான நீச்சல் என்பது யாது? புஜபலத்தைப் பெருக்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுள்ளது. அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளருகிறபடியால், வேகத்தை இருமடங்காக்க முனைபவர் நான்கு மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கிறார், எட்டு மடங்கு சக்தியைச் செலவிடுகிறார். நிலத்தில் ஓடுகிறவர் பலத்தைக் கூட்டி வேகம் பெறலாம். நீரில் அவ்வாறு செய்ய முயல்கிறவர், செலவிட்ட சக்தியின் பெரும்பகுதியை நுரையாகவும் அலையாகவும் விரயம் செய்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஆகவே நீச்சலில் முதற்பாடம் தள்ளுவதன்று, தடையைக் குறைப்பது. நம் சரீரத்தில் காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருக்கிறது, பாரமான எலும்பும் தசையும் இடுப்புக்குக் கீழே இருக்கின்றன. மிதக்கும் பகுதி ஒரு முனையிலும் அமிழும் பகுதி மறுமுனையிலுமாக இருப்பதால், ஏற்றமரத்தின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்வதைப் போல, தலை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குக் கால்கள் கீழே இறங்கிவிடுகின்றன. கால் இறங்கிய உடல் நீரைக் கிழித்துச் செல்லாமல் நீருக்கு எதிரே ஒரு சுவராக நின்றுவிடுகிறது. கிணற்று நீச்சலின் குறை முழுவதும் இந்த நிமிர்ந்த தலையில் அடங்கியிருக்கிறது.

நகரத்து நீச்சற்குளமொன்றில் அண்மையில் நான் கண்ட காட்சி இதற்குச் சாட்சி. நாற்பத்தைந்து பிராயம் மதிக்கத்தக்க ஒருவர், மளிகைக் கடைக்காரரென்று பிற்பாடு தெரிந்துகொண்டேன், நீரை அறைந்து அறைந்து சுவருக்குச் சுவர் போய் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சுவரைப் பற்றியபோதும் அவர் விலாவெலும்புகள் துருத்தியாக ஏறி இறங்கின. அவருடைய வயதில் பாதிகூட நிரம்பாத பயிற்சியாளப் பிள்ளை, குளத்துக்குள் இறங்கி அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "கையை விடுங்கண்ணா. தலையத் தூக்காதீங்க, கீழ டைல்ஸ பாருங்க" என்றான்.

"கீழ பாத்தா மூழ்கிடுவேனே தம்பி."

"மூழ்குங்க பாக்கலாம்."

அவர் இரு கைகளையும் முன்னே நீட்டி, முகத்தை நீருக்குள் கவிழ்த்து, சுவரை மெல்ல உதைத்தார். இடுப்பு மேலே வந்தது. அதற்குப் பின்னால் குதிகால்களும் வந்தன. ஒரு வீச்சும் வீசாமல், ஓசையேதுமின்றி, நாலைந்து மீட்டர் தூரம் அவர் வழுக்கிச் சென்று எழுந்து நின்றபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பையனைப் பார்த்த பார்வையில் ஆச்சரியமும் கொஞ்சம் கோபமும் கலந்திருந்தன. முப்பது ஆண்டுக்காலம் இதை ஏன் எவரும் சொல்லவில்லை என்ற கோபமாக இருக்கலாம்.

மூழ்குவது நாம் நினைப்பதுபோல் சுலபமன்று என்ற இவ்வுண்மையை, அமெரிக்கக் குடியரசை நிறுவியவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அழகாக எடுத்துரைத்திருக்கிறார். வாலிபத்தில் லண்டனில் தேம்ஸ் நதியில் செல்சியிலிருந்து பிளாக்பிரையர்ஸ் வரை நீந்திக் காட்டிய அவர், கற்கும் பிராயம் கடந்துவிட்டதென்று தயங்கிய நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில், மார்பளவு நீர் வரை நடந்து சென்று, கரையை நோக்கித் திரும்பி நின்று, தமக்கும் கரைக்கும் இடையே ஒரு முட்டையைப் போட்டுவிட்டு, அதைக் கண்களைத் திறந்தபடியே மூழ்கி எடுக்க முயலுமாறு யோசனை கூறுகிறார். முயல்கிறவர் தம் விருப்பத்துக்கு மாறாகத் தண்ணீர் தம்மை மேலே தள்ளுவதை உணர்வார். உணர்ந்தபின் பயம் போகும். பயம் போனபின் மற்றவை வரும். கரையை நோக்கி நிற்கச் சொன்னதிலுள்ள விவேகத்தைக் கவனிக்க வேண்டும்: எந்த அடி வைத்தாலும் ஆழம் குறையுமே தவிர மிகாது. வளர்ந்தவர்களுக்கு நீச்சல் கற்பிப்போர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பாடம் இது.

தலைக்கு அடுத்தது சுவாசம். புதிதாகக் கற்பவர்கள் முகத்தை நீருக்குள் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்; உடலுக்குள் கரியமிலவாயு தேங்கத் தேங்க, பிராணவாயு போதிய அளவு இருக்கும்போதே, மூச்சு முட்டுவதாக மூளை அலறுகிறது; உடனே தலை நிமிர்கிறது, கால் தாழ்கிறது, பழைய கதை தொடங்குகிறது. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டே இருந்து, உடலை ஒருக்களித்துத் திருப்பும்போது வாயோரத்தால் உள்ளிழுப்பதே முறை. தலையைத் தூக்குவதன்று, திருப்புவது. பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது விரைவில் கைவருகிறதென்று பயிற்சியாளர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்பத் தகாததன்று.

அமெரிக்கப் பயிற்சியாளர் டெரி லாஃப்லின் 1989-இல் தொடங்கி, 2017-இல் காலமாகும் வரை வளர்த்த டோட்டல் இம்மெர்ஷன் என்ற முறை, வளர்ந்த பிராயத்தினருக்கென்றே இத்தத்துவங்களை ஒழுங்குபடுத்தியது. உடலைச் சமநிலையில் மிதக்கவிடுதல், பிறகு அதை நீட்டி மெல்லியதாக்குதல், அதன் பின்னரே கைவீச்சு என்பது அவருடைய வரிசை. வேகத்தைக் கடிகாரத்தால் மட்டும் அளவிடாமல், குளத்தின் ஒரு நீளத்தைக் கடக்க எத்தனை வீச்சு என்று எண்ணச் சொன்னது அவர் போதனையின் சாரம்; இருபத்தைந்து மீட்டரை 30 வீச்சில் கடந்தவர் 20 வீச்சில் கடக்கத் தொடங்குவாராயின், பலம் கூடாமலே பத்து வீச்சின் களைப்பு அவருக்கு மிச்சமாகிறது. வாலிபனுக்கு இக்கணக்கு ஒரு விளையாட்டு. நாற்பதைக் கடந்தவருக்கு இதுவே ஜீவாதாரம். அவரிடம் வீணடிக்கப் பலம் இல்லை. ஆகவே அவர் பிள்ளைகளைவிடக் கவனமாகக் கற்கிறார். கற்பதற்குக் காலங்கடந்தவர் என்று நாம் கருதும் ஒருவர், சொன்னதைச் சிந்தித்துச் செய்யும் ஆற்றலால் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறார் என்பது என் துணிபு.

பழகிய முறையை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பாமை நமக்கு மட்டும் உரிய குணமன்று. வட அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவர் 1844-இல் லண்டனில் கைகளை நீருக்கு மேலே வீசி அதிவேகமாக நீந்திக் காட்டினர். அது நாகரிகமற்ற ஆர்ப்பாட்டமென்று ஆங்கிலேயர் ஒதுக்கிவிட்டுத் தங்கள் தவளை நீச்சலிலேயே பல்லாண்டு திருப்தியுற்றிருந்தனர். 1875-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்த காப்டன் மாத்யூ வெப், 21 மணி 45 நிமிஷம் தவளை நீச்சலே நீந்தினார். இன்று உலகெங்கும் போட்டிகளில் முந்தி நிற்பது அன்று ஒதுக்கப்பட்ட அந்தக் கைவீச்சின் வழிவந்த முறையே. தமிழருக்கும் இத்துறையில் கீர்த்திக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் பாக் நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் அதைக் கடந்ததோடு நில்லாமல் நீந்தியே திரும்பினார். குற்றாலீஸ்வரன் 1994-இல், தம் 12-ஆம் பிராயத்தில், அதே நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஆனால் சாதனையாளரைப் போற்றுவதற்கும் சாமானியர் கற்பதற்கும் இடையே சமுதாயம் ஒரு பாலமும் கட்டவில்லை.

கோடைதோறும் நீச்சற்குளங்களில் நடைபெறும் பத்துப் பன்னிரண்டு நாள் பயிற்சி வகுப்புகள், நடைமுறையில், பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நடைபெறுகின்றன. பெரியவர் ஒருவர் போய் நின்றால் மகனைச் சேர்க்க வந்தவர் என்றே எண்ணுவார்கள். சங்கோசத்தை வென்று அவர் நீரில் இறங்கினாலும், பத்து வயதுப் பையன்களின் கூச்சலுக்கு நடுவே குமிழி விட்டுப் பழகுவதற்கு அசாதாரணமான மனோதிடம் வேண்டும். பெண்களின் நிலை இதனினும் கடினம். ஆண் பயிற்சியாளர் மட்டுமே உள்ள குளம், திறந்த வேலி, எட்டிப் பார்க்கும் கூட்டம், என்ன உடுத்துவது என்ற கலக்கம் எல்லாம் சேர்ந்து அவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆற்றில் தவறி விழும் பெண்ணுக்கு ஆறு கஜப் புடைவையின் பாரமும் சேர்ந்துகொள்கிறது என்பதை எண்ணினால், முதலில் கற்க வேண்டியவர்கள் அவர்களே என்பது விளங்கும். விடியற்காலையிலோ பிற்பகலிலோ மறைப்புள்ள குளத்தில், பெண் பயிற்சியாளரைக் கொண்டு, பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவது பெரிய காரியமன்று. மூட்டு வலியால் நடைப்பயிற்சியைக் கைவிட்ட முதியவர்களுக்கும் இது மருந்தாகும். மார்பளவு நீரில் கால்கள் தாங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இருதய நோயும் வலிப்பும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு இறங்கட்டும்.

மாவட்டத் தலைநகரத்தோடு நின்றுவிடாமல் அரூர், பென்னாகரம், பாலக்கோடு ஆகிய ஊர்களிலும் ஆழமற்ற பயிற்சிக் குளம் ஒவ்வொன்று கட்ட வேண்டும் என்று சொல்லும்போது, குடிக்கத் தண்ணீருக்குத் தவிக்கும் சீமையில் இந்த ஆடம்பரம் எதற்கென்று ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபம், கணக்கால்தான் அதற்கு விடையிறுக்க வேண்டும். 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் மார்பளவாக 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 3 லட்சம் லிட்டர் கொள்ளும். வேளாண்மை நூல்கள் நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டுமென்கின்றன. ஒரு ஏக்கருக்கு அது 48 லட்சம் லிட்டருக்கு மேலாகிறது. ஒரு ஏக்கர் நெல் ஒரு போகத்தில் பருகுவதில் பதினாறில் ஒரு பங்கைக் கொண்டு நிரப்பி, அதையே வடிகட்டி வடிகட்டி மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆவியாகிப் போவதையும் வடிகட்டியைக் கழுவுவதில் செலவாவதையும் மட்டும் ஈடுசெய்தால் போதும்.

பயிற்சியாளர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த வினா. ஒகேனக்கல்லில் காவிரியின் ஒவ்வொரு சுழியையும் அறிந்த பரிசல் ஓட்டிகள் இருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து தடை விதிக்கப்படும் நாள்களில் அவர்களுக்கு வருமானமும் நின்றுவிடுகிறது. அவர்களுள் விருப்பமுள்ளவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், உயிர்காப்பு முறைகளையும் மேற்சொன்ன நீச்சல் முறையையும் கற்பித்துச் சான்றிதழ் வழங்கி, தாலுக்காக் குளங்களில் பயிற்சியாளராக நியமிக்கலாம். தடை நாள்களில் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துறையில் அமர்ந்திருப்பவருக்கு, காலை ஆறு மணி வகுப்பும் அதற்குரிய சம்பளமும் கிடைக்குமாயின், வேண்டாமென்று சொல்லமாட்டார்.